யார் முறை?

எறும்பு, வெட்டுக்கிளி கதை எல்லோருக்கும் தெரியும். கோடை முழுக்க எறும்பு தானியம் சேர்க்கிறது. வெட்டுக்கிளி பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிறது. குளிர்காலம் வந்ததும் பசியோடு எறும்பு வீட்டு வாசலில் போய் நிற்கிறது. கோடையில் பாடினவன் இப்போது ஆடிக்கொண்டிரு என்று எறும்பு கதவைச் சாத்திவிடுகிறது. நீதி: சேமிப்பு நல்லது.

பள்ளிக்கூடத்தில் கதை அங்கேயே முடிந்துவிடும். சாத்திய கதவுக்கு வெளியே அந்த வெட்டுக்கிளி ராத்திரி என்ன ஆயிற்று என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், 'அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்' என்பார் வாத்தியார்.

பரீட்சைக்கு வராத அந்தக் கேள்விதான் இந்த வாரம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன். கணக்குப் புத்தகத்தில் எறும்புக்குத்தான் மரியாதை. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்தவனிடம் போய், 'உன்னிடம் இருக்கிறது, எனக்குக் கொடு' என்று கேட்பது என்ன நியாயம்? கொடுத்தால் அது அவன் தயவு. கொடுக்காவிட்டால் குற்றம் இல்லை. இப்படித்தான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆனால் நிஜமான குளிர்காலம், நிஜமான கதவு, நிஜமான எறும்பு என்று வரும்போது இந்தக் கணக்கு தாங்குகிறதா?

1998 ஜனவரி 5-ம் தேதி வாக்கில் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் ஒன்டாரியோவின் கிழக்குப் பகுதியிலும் மழை பிடித்துக்கொண்டது. பனி என்றால் அந்த ஊர்க்காரர்கள் கவலைப்படமாட்டார்கள். வாசலில் கிடப்பதைத் தள்ளிவிட்டு ஆபீஸ் போய்விடுவார்கள். இது வேறு விவகாரம். மேலே காற்று கொஞ்சம் வெதுவெதுப்பு, அதனால் மழையாகவே இறங்குகிறது. தரையை ஒட்டிய காற்றோ உறைநிலைக்குக் கீழே. விழும்போது தண்ணீர், எதன் மீதாவது பட்ட மறுகணம் ஐஸ். மரக்கிளை, கார் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, மின்சாரக் கம்பி எதையும் விடவில்லை. ஐந்தாறு நாள் விட்டுவிட்டுப் பெய்தது. சில இடங்களில் மொத்தம் 100 மில்லிமீட்டர். நம்ம ஊர் ஐப்பசி மழை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிற அளவுதான். ஆனால் நம்ம மழை ஓடிப்போய்விடும். அந்த மழை ஒட்டிக்கொண்டது.

பாரம் தாங்காமல் கம்பிகள் அறுந்தன. சுமார் 1,000 இரும்புக் கோபுரங்கள் மடங்கி விழுந்தன. மரக்கம்பங்கள் 30,000-க்கும் மேல். கனடாவில் மட்டும் 40 லட்சம் பேர் அளவுக்குக் கரண்ட் இல்லாமல் தவித்தார்கள். சிலருக்குச் சில மணி நேரம். மான்ட்ரியலுக்குத் தெற்கே 'இருட்டு முக்கோணம்' என்று பெயர் வாங்கிய பகுதியில் சிலருக்கு ஒரு மாதம். 6 லட்சம் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு இடம் தேடிப் போனார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். மரம் வெட்டவும் கம்பம் தூக்கவும் கதவு தட்டி ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கவும் சுமார் 16,000 ராணுவத்தினர் வந்தார்கள்.

கரண்ட் போனால் நமக்கு ஃபேன் நிற்கும், கொசு கடிக்கும், வியர்க்கும். அங்கே வீட்டின் சூடே நின்றுவிடும். கியூபெக்கில் பெரிய பெரிய நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. மின்சாரம் மலிவு. அதனால் பெரும்பாலான வீடுகளில் ஹீட்டரும் கரண்டில்தான் ஓடும். எண்ணெயில் ஓடுகிற ஹீட்டர் வைத்திருந்தவர்களுக்கும் அதன் மோட்டாரைச் சுற்றக் கரண்ட் வேண்டும். சுவர் மெல்ல மெல்லக் குளிர்ந்து, குழாய்த் தண்ணீர் உறைந்து, குழாய் வெடித்து, வீடே ஃப்ரிட்ஜ் ஆகிவிடும்.

இப்போது சொல்லுங்கள், இதில் எறும்பு யார்? வெட்டுக்கிளி யார்?

புத்திசாலித்தனமாக, மலிவாக, சுத்தமாக இருக்கட்டும் என்று மின்சார ஹீட்டருக்கு மாறினவர் வெட்டுக்கிளியா? எல்லோரும் அதைத்தானே செய்யச் சொன்னார்கள். 'தாத்தா காலத்து விறகு அடுப்பு, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று மூலையில் போட்டு வைத்திருந்தவர் தொலைநோக்கு உள்ள எறும்பா? அவர் சோம்பலிலோ, மாற்றக் காசு இல்லாமலோ விட்டு வைத்திருக்கலாம். ஆனால் அந்த ஜனவரியில் விறகு அடுப்பு இருந்த வீடு அரண்மனை ஆகிவிட்டது. நாம் 'முன்யோசனை' என்று மார்தட்டிக்கொள்வதில் ஒரு பங்கு அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. எறும்புக்கு அது தெரிய வேண்டும். கதையில் எறும்பிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

சரி, நிஜமாகவே காசு போட்டு, யோசித்து, ஜெனரேட்டர் வாங்கி வைத்திருந்த ஆள் இருப்பார் அல்லவா? அவர் விஷயம் என்ன?

அதற்கு மாட்டுப் பண்ணைகளுக்குப் போக வேண்டும். கிழக்கு ஒன்டாரியோவும் தெற்கு கியூபெக்கும் பால் பண்ணைப் பிரதேசங்கள். ஐம்பது, அறுபது மாடுகள். எல்லாம் மெஷின் கறவை. கரண்ட் கட் என்றால் மாட்டுக்குத் தெரியுமா? நேரத்துக்குக் கறக்காவிட்டால் மடி வீங்கும், வலிக்கும், மடிநோய் வரும். ஒரு குடும்பம் உட்கார்ந்து அத்தனை மாட்டையும் கையால் கறக்க முடியாது.

ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். என்ன நடந்தது தெரியுமா? ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகச் சுற்றினார்கள். இங்கே கறந்து முடிந்ததும் அடுத்த பண்ணை. அங்கே முடிந்ததும் அதற்கு அடுத்தது. ராத்திரி பகல் பார்க்கவில்லை. இத்தனைக்கும் பாலை வாங்குகிற ஆலைகளிலும் கரண்ட் இல்லை. லாரி வர ரோடு இல்லை. லட்சக்கணக்கான லிட்டர் பால் கீழே கொட்டப்பட்டது. கொட்டப்போகிற பாலைக் கறப்பதற்காக, பக்கத்துப் பண்ணைக்காரன் மாட்டுக்காக, நடுராத்திரி ஐஸ் ரோட்டில் டிராக்டர் ஓட்டினார்கள். லாபம் பூஜ்யம்.

இதைத் தயவு என்பதா, கடமை என்பதா?

தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: முறை. ரேஷன் கடை வரிசையில் 'இப்ப யார் முறை?' என்கிறோம். அது வரிசை. 'நீ செய்றது முறையா?' என்றால் அது நியாயம். 'அவர் உனக்கு என்ன முறை வேணும்?' என்றால் அது சொந்தம். ஒரே சொல்லில் வரிசையும் நியாயமும் சொந்தமும் இருக்கின்றன. ஏரிப் பாசனம் உள்ள ஊர்க்காரர்களைக் கேளுங்கள். தண்ணீர் குறைந்துவிட்டால் 'முறை வைத்து' விடுவார்கள். இந்த ராத்திரி உன் வயல், நாளை ராத்திரி என் வயல். யாரும் யாருக்கும் தானம் செய்யவில்லை. யாரும் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை.

'ஏரி பொதுச் சொத்து, ஜெனரேட்டர் தனியார் சொத்து, இரண்டும் ஒன்றா சார்?' என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதற்கும் என் காமர்ஸ் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. முதல் வருடம் எகனாமிக்ஸ் பேப்பரில் ஒரு விதி படிப்போம்: குறைந்து செல் பயன்பாட்டு விதி. பசியில் சாப்பிடுகிற முதல் இட்லி அமிர்தம். ஆறாவது இட்லி பாரம். ஜெனரேட்டருக்கும் அதே விதிதான். என் மாடுகளைக் கறந்தாயிற்று, வீடு கொஞ்சம் சூடாயிற்று. அதற்கு அப்புறம் அது ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் எனக்கு வசதி. பக்கத்துப் பண்ணைக்காரனுக்கு அதே ஒரு மணி நேரம் அவன் மாடுகளின் மடி. மெஷின் என்னுடையதுதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் புயல் அடிக்கிற நாட்களில் அதன் மணி நேரங்கள் ஏரித் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகின்றன. முதல் முறை என்னுடையது, அது உரிமை. இரண்டாவது முறை பக்கத்து வீட்டுக்காரனுடையது, அது என் கடமை. டீசல் செலவை அவன் கொடுக்கட்டும், டிராக்டரை அவன் ஓட்டட்டும். தப்பில்லை. ஆனால் 'முடியாது' என்று சொல்கிற உரிமை எனக்கு இல்லை என்றுதான் படுகிறது.

கொடுப்பவன் பக்கத்தை மட்டும் பேசினால் பாதிதான் ஆகும். வாங்குவது அதைவிடக் கஷ்டம்.

யாழ்ப்பாணத்திலிருந்து போய் மான்ட்ரியலில் குடியேறிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சென்னைக்கு வந்திருந்தபோது அந்த ஜனவரியைப் பற்றிச் சொன்னார்.

"தம்பி, இருட்டு எங்களுக்குப் புதுசே? தொண்ணூறாம் ஆண்டிலயிருந்து யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கிலதான் பிள்ளையள் படிச்சது. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோ கேட்டது. ஆனா அங்க ஆருக்கும் கரண்ட் இல்லை. அதால ஆரையும் பார்த்து ஏங்கத் தேவையில்லை. மொன்றியல்ல அப்பிடியில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம், இந்தப் பக்கம் இருட்டு. அதுதான் தம்பி கஷ்டம்."

அவர் மச்சான் வீடு வெளிச்சப் பக்கம். இரண்டு ரூமில் பதினான்கு பேர் படுத்திருந்தார்கள். இவர் குடும்பமும் கிளம்பியது. கிளம்பும்போது கீழ் வீட்டு அம்மா ஞாபகம் வந்தது. பிரெஞ்சுக்காரர், எழுபது வயதுக்கு மேல், தனி ஆள். அதுவரை படிக்கட்டில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி.

"கதவைத் தட்டி, எங்களோட வாங்கோ எண்டன். மாட்டன் எண்டிட்டா. அப்ப முகாமுக்காவது போங்கோ எண்டன். நான் என்ன அகதியோ எண்டு கேட்டவ. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது தம்பி. அகதிக்கு முன்னால நிண்டுகொண்டு கேட்கிறா!"

இவர் விடவில்லை. அரை மணி கழித்துத் திரும்பப் போனார். "அங்க சின்னப் பிள்ளையள் நாலு பேர், பார்க்க ஆளில்லை, உதவிக்கு வருவியளோ எண்டு கேட்டன். உடன கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுட்டா. ரெண்டு கம்பளி, அவ காய்ச்சின ஜாம் நாலு போத்தல் எல்லாம் தூக்கிக்கொண்டு."

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது பொய்யா என்று கேட்டேன். "பாதி பொய்" என்றார். "பிறகு உண்மையாகீட்டுது. ரெண்டாம் நாள் பெண்டுகள் எல்லாம் சமையல்ல நிக்க, பிள்ளையளை அவதான் பார்த்தவ."

அந்த அம்மா குளிரில் விறைத்தாலும் பரவாயில்லை, கையேந்தமாட்டேன் என்று நின்றார். கையில் ஒரு வேலையும் நாலு பாட்டில் ஜாமும் கிடைத்ததும் வந்துவிட்டார். தானம் என்றால் கீழே நிற்க வேண்டும். முறை என்றால் பக்கத்தில் நிற்கலாம். நாலு பாட்டில் ஜாமுக்கும் ஒரு ஹீட்டர் ரூமுக்கும் கணக்கு சமமா? கணக்குப்படி இல்லை. ஆனால் அவருக்கு அது போதுமானதாக இருந்தது. உதவி செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வாங்குகிறவரிடமிருந்து எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு பாட்டில் ஜாமாவது.

இன்னொரு கட்சி இருக்கிறது. அதையும் கேட்டுவிட வேண்டும். 'முறையும் வேண்டாம், தயவும் வேண்டாம். விலையிடம் விடுங்கள். பொருள் குறைந்தால் விலை ஏறும். ஏறினால் தேவையில்லாதவன் வாங்கமாட்டான், வெளியூரிலிருந்து சரக்கு வரும், எல்லாம் சரியாகிவிடும்.' காமர்ஸ் படித்த எனக்கு இதில் பாதி உண்மை என்று தெரியும். வெங்காயத்துக்கு இது சரி. பனிப்புயலுக்கு?

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணம் உறைந்தது. எரிவாயுக் கிணறுகள் உறைந்தன, மின் நிலையங்கள் நின்றன, 45 லட்சம் வீடுகளிலும் கடைகளிலும் கரண்ட் போனது. மொத்த மின்கட்டமைப்பும் விழுந்துவிடுவதற்கு ஐந்து நிமிடம்கூட பாக்கி இல்லாத ஒரு கட்டம் பிப்ரவரி 15-ம் தேதி விடியற்காலையில் வந்துபோனது. மின்சாரத்தின் மொத்த விலையை உச்சவரம்பு வரை ஏற்றிவிட்டார்கள். யூனிட்டுக்கு 9 டாலர். அன்றைய மதிப்பில் 650 ரூபாய்! சாதாரண நாளில் அது சில சென்ட்கள்தான். விலை அத்தனை ஏறியும் உறைந்த குழாய் உருகவில்லை. மொத்த விலைக்கே மின்சாரம் வாங்கும் திட்டத்தில் சேர்ந்திருந்த சில குடும்பங்களுக்கு, சில நாள் கரண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. மாகாண சுகாதாரத் துறைக் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். பலர் சொந்த வீட்டுக்குள்ளேயே குளிரில் விறைத்து. அதே ராத்திரிகளில் நகர மையங்களில் ஆளில்லாத ஆபீஸ் கட்டடங்கள் ஜொலித்துக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரி மாதிரி அவசியமான இடங்களுக்குப் போகிற லைனை அணைக்க முடியாது என்று காரணம் சொன்னார்கள். நிஜமான காரணம்தான். ஆனாலும் இருட்டில் போர்வைக்குள் இருந்து அதைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

விலை ஏறினால் சரக்கு வரும் என்பது, சரக்கு வர வழி இருக்கும்போதுதான். வழியே உறைந்துவிட்டால் ஏறிய விலை புதிதாக எதையும் கொண்டுவராது. இருப்பது யாருக்கு என்பதை மட்டும் முடிவு செய்யும். அப்போது அது ஏலம் ஆகிவிடுகிறது.

டெக்சாஸில் இன்னொரு விஷயமும் உண்டு. 2011 பிப்ரவரியிலும் அங்கே குளிரில் மின்வெட்டு வந்தது. நிலையங்களைக் குளிருக்குத் தயார் செய்யுங்கள் என்று மத்திய ஒழுங்குமுறை அமைப்பு அறிக்கையும் கொடுத்தது. யாரும் அதைக் கட்டாயமாக்கவில்லை. பத்து வருடம் கோடையில் பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு பக்கம். 2021-ல் குளிரில் நடுங்கியவர்கள், ஒழுங்காகப் பில் கட்டிவந்த சாதாரண ஜனங்கள். வெட்டுக்கிளி வேறு யாரோ, வாசலில் நின்றது வேறு யாரோ. 'தயாராக இல்லாதவன் அனுபவிக்கட்டும்' என்று சொல்வதற்கு முன்னால், அனுபவிப்பவன்தான் தயாராக இல்லாதவனா என்று பார்க்க வேண்டாமா?

அதே ஊரில் ஹூஸ்டனில் ஜிம் மெக்கிங்வேல் என்கிற மரச்சாமான் வியாபாரி தன் ஷோரூமைத் திறந்துவிட்டார். விற்பனைக்கு வைத்திருந்த சோபாக்களிலும் மெத்தைகளிலும் ஜனங்கள் வந்து படுத்துக்கொண்டார்கள். 2017-ல் ஹார்வி புயல் வெள்ளத்தின்போதும் அவர் இதையே செய்தார். வியாபாரிதான் அவர். விளம்பரம் கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது. இருக்கட்டுமே. அந்த ராத்திரி மெத்தை சூடாக இருந்தது.

சொந்த வெளிச்சம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் அப்படியே சொருகிவிடுவார்கள் சிலர். மெயின் லைனைத் துண்டிக்காமல் இப்படிச் செய்தால் கரண்ட் வீட்டோடு நிற்காது. பின்னோக்கி ஓடி, தெருவில் உள்ள டிரான்ஸ்பார்மருக்குப் போய், அங்கே பல மடங்கு வோல்டேஜ் ஆகி, செத்த லைன் என்று நம்பிக் கம்பியைத் தொடுகிற லைன்மேனைக் கொன்றுவிடும். யாருக்காக அவர் ஏறியிருக்கிறார்? தெருவுக்கே கரண்ட் கொடுக்க. அடைத்த ரூமுக்குள் கரியைக் கொளுத்திக் கார்பன் மோனாக்சைடில் செத்தவர்களும் ஒவ்வொரு பனிப்புயலிலும் உண்டு. அது தனக்குத் தானே செய்துகொள்கிற கேடு. இது நமக்காகக் கம்பம் ஏறியவனுக்குச் செய்கிற கேடு. 'என் வீடு, என் மெஷின், என் இஷ்டம்' என்பது அவர் கை வைக்கிற கம்பி வரைக்கும் போகிறது.

கடைசியாக ஒரு ஆட்சேபம் பாக்கி. 'எல்லாருக்கும் முறை உண்டு என்றால் எவன் சார் ஜெனரேட்டர் வாங்குவான்? அடுத்தவன் வாங்கட்டும், நமக்கு எப்படியும் முறை வரும் என்று உட்கார்ந்துவிடமாட்டானா?' உட்காருவான். சிலர் நிச்சயம் உட்காருவார்கள். நம் ஏரிகளுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. அதற்குத்தான் குடிமராமத்து வைத்திருந்தார்கள். தண்ணீரில் முறை வேண்டுமென்றால் கோடையில் மண்வெட்டியோடு தூர் வார வரவேண்டும். வராதவனை ஊர் சும்மா விடாது. கூட்டத்தில் கேட்கும், திட்டும், அபராதம் போடும். ஆனால் எல்லாம் கோடையில்.

எறும்பு சொன்ன பாடம் சரியான பாடம்தான். சொன்ன நேரம்தான் தப்பு. 'ஏன் சேமிக்கவில்லை, ஏன் வாங்கி வைக்கவில்லை, ஏன் அறிக்கையைப் படிக்கவில்லை' என்று கேட்பதற்குக் கோடை முழுக்க நாள் இருக்கிறது. கேட்க வேண்டும், விடக்கூடாது. மின்வாரியத்தையும் கேட்க வேண்டும், சோம்பேறிப் பக்கத்து வீட்டுக்காரனையும் கேட்க வேண்டும். ஆனால் மைனஸ் இருபதில் ஒருத்தன் வாசலில் நிற்கும்போது கேட்பதற்கு ஒரே கேள்விதான் உண்டு. 'உள்ளே எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது?'

கணக்கைக் கோடையில் பார்த்துக்கொள்ளலாம். அவன் உயிரோடு இருந்தால்தானே கணக்குப் பார்க்க முடியும்.